சொல்லோடு ஆடுவது எப்படி

நாகர்கோவிலில் நான் நடத்தும் சமகால நடனப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பரதம் பயின்றவர்கள். மற்றவர்கள் பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் திரைப்பாடல்களுக்கு ஆடிப் பழகியவர்கள். இரு சாராரிடமும் ஒரு வரியைக் கொடுத்து, இதைச் சொல்லிக்கொண்டே அசையுங்கள் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள். ‘கடல்’ என்ற சொல் வந்தால் கை அலையாகிறது. ‘அம்மா’ என்றால் கைகள் தொட்டிலாகின்றன. ‘நான்’ என்றதும் விரல் நெஞ்சைத் தொடுகிறது. சொல்லும் அசைவும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் இரண்டு முறை சொல்லிவிடுவதால், பார்ப்பவருக்குச் செய்ய வேலை எதுவும் மிஞ்சுவதில்லை. இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருவதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

இதனால் சொல்லுக்குச் சொல் பொருளைக் கையால் காட்டும் பதார்த்த அபிநயத்தை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அபிநயத்துக்குரிய பாடலான ஒரு பதத்தில் ஒரே வரி பல முறை பாடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இசை அந்தச் சொல்லை நீட்டி, வளைத்து, கைக்கும் கண்ணுக்கும் இடம் கொடுக்கிறது. அந்த நேரத்தில்தான் ஒரு முத்திரை பொருளாக விரிகிறது. பேச்சு மொழியிலோ ஒரு சொல் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. அதன் பின்னால் கையை ஓடவிட்டால், கை எப்போதும் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். பாட்டுக்காகப் பிறந்த ஓர் இலக்கணத்தைப் பேச்சின் மேல் அப்படியே வைக்க இயலாது என்பதுதான் காரணம்.

பேச்சும் உடலும் சேர்ந்து வேலை செய்வதைக் கற்க நம் மாவட்டத்தார் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கொடை எனப்படும் கோயில் விழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, கதையைக் கேட்பதை ஓர் இரவு மட்டும் ஒத்திவைத்துவிட்டு, முன்னே அமர்ந்து பாடும் புலவரின் கைகளை மட்டும் கவனியுங்கள். வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் காற்றில் எழும் நேரமும் சொல் வாயிலிருந்து வரும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சில இடங்களில் கோல் முதலில் எழுந்து, சொல்லுக்காக நம்மைக் காக்க வைக்கிறது. சில இடங்களில் சொல் முடிந்த பிறகே வில்லின் மணிகள் குலுங்குகின்றன. பாட்டிலிருந்து வசனத்துக்குத் தாவும் இடத்தில் கைகள் முற்றிலும் ஓய்ந்துவிட, அந்த ஓய்வே நம்மைக் கூர்ந்து கேட்க வைக்கிறது. இடையில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று சொல்லும்போது, பாடுபவருக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது. கோல் எந்தச் சொல்லையும் படமாக வரைந்து காட்டுவதில்லை, ஆயினும் அது இல்லாமல் கதை இல்லை. நான் தேடும் உறவு இதுதான்.

பழைய திருவிதாங்கூர் மண்ணில் இதற்கு வேறு இரண்டு விடைகளும் உண்டு. கதகளியில் ஆடுபவர் வாய் திறப்பதில்லை. சொற்கள் பின்னால் நிற்கும் பாடகர்களிடமிருந்து வருகின்றன. துள்ளல் என்னும் கதை சொல்லும் ஆட்டத்தில் ஆடுபவரே பாடுகிறார், அவர் பாடிய அடியைப் பின்னால் இருப்பவர் திரும்பப் பாடுகிறார். அந்த இடைவெளியில் ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். இன்றைய மேடையில் எழும் கேள்விகளும் இவையே: யார் பேசுவது, எப்போது பேசுவது, பேசாத நேரத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது.

எந்தச் சொற்கள்

முதல் முயற்சிக்குக் கவிதையை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல கவிதை தன் தாளத்தையும் படிமத்தையும் தன்னுள்ளேயே முடித்து வைத்திருக்கிறது. அதன் பக்கத்தில் உடல் நின்றால் பெரும்பாலும் அலங்காரமாகிவிடும். பேச்சு வழக்கில் உள்ள, சற்று முழுமையற்ற, ஐந்து முதல் எட்டு வாக்கியங்கள் போதும். அவை உங்கள் வாய்க்குப் பழகிய வழக்கிலேயே இருக்கட்டும். விளவங்கோட்டுப் பிள்ளைகள் ‘என்னுடைய’ என்று மேடையில் சொல்லும்போது கழுத்து விறைப்பதையும், ‘எனக்க’ என்று சொல்லும்போது அதே தோள்கள் இறங்குவதையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். எழுத்துத் தமிழுக்கு மேடையில் இடமில்லை என்பது இதன் பொருளன்று. உடல் எந்த மொழியில் தளர்கிறதோ, அந்த மொழியில் தொடங்குங்கள் என்பதே.

பயிற்சிக்காக நான் எழுதிக்கொண்ட ஒரு சிறு பகுதியை இங்கே தருகிறேன். பின்வரும் விளக்கங்களெல்லாம் இதை வைத்தே அமையும். எங்கள் வழக்கில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர், ‘கோருவது’ என்றால் நீர் இறைப்பது.

“எனக்க அம்மைக்கு நாலு கிணறு தெரியும். ஒண்ணுல வெள்ளம் உப்பு. ஒண்ணுல வெள்ளம் பச்சை. ஒண்ணு வேற ஆளுக்க கிணறு, கேட்டுத்தான் கோரணும். நாலாவது கிணறு எங்க இருக்குண்ணு அவ யாருக்கும் சொல்லல்ல.”

பிறர் வாயிலிருந்து வந்த சொற்களைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதற்கென்று ஒரு பொறுப்பு உண்டு. லண்டனில் லாயிட் நியூசன் 1986இல் தொடங்கிய நடனக் குழு, பிற்காலப் படைப்புகள் சிலவற்றில் நேர்காணல்களில் மக்கள் பேசியதை அப்படியே எடுத்து, நடனக் கலைஞர்களின் வாயில் வைத்தது. நம் கடற்கரையிலும் அப்படிச் செய்யத் தூண்டும் கதைகள் நிறைய உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும் எத்தனையோ வீடுகளில் ஆளில்லாமல் செய்துவிட்டுப் போயின. அந்த வீடுகளில் ஒருவர் உங்களிடம் பேசினால், பதிவு செய்வதற்கு ஒரு முறையும், மேடையில் பயன்படுத்துவதற்கு இன்னொரு முறையும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். ஒத்திகைக்கு அவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அவருடைய அழுகையை ஒருபோதும் நடிக்காதீர்கள். அவர் சொன்ன சொற்களைத் தெளிவாக, சரியான வேகத்தில் சொல்லி, உடலுக்கு வேறொரு வேலையைக் கொடுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்கள் இத்தகைய சொற்களைத் தொடாமல், தங்கள் சொந்த வீட்டுச் செய்தியோடு நிற்பதே நல்லது.

மூச்சு

சொல்லும் அசைவும் சந்திக்கும் இடம் பொருளில் இல்லை, மூச்சில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மீதி எல்லாம் எளிதாகிறது என்பதால், இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பேசுவது வெளிவிடும் மூச்சில். குரல்வளையில் உள்ள குரல் நாண்கள் நெருங்கி, அவற்றினூடே காற்று செல்லும்போது அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ஆனால் கனமான ஒன்றைத் தூக்கும்போதும், இன்னோர் ஆளைத் தோளில் ஏற்றும்போதும், உடலின் நடுப்பகுதியை உறுதியாக்குவதற்காக அதே நாண்களை நாம் அறியாமலே இறுக மூடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரே கதவை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்; தூக்கும் நொடியில் பேச முயன்றால் குரல் நெரிபடுவதற்கு இதுவே காரணம். குதித்துத் தரையில் இறங்கும்போது காற்று தானாகவே வெளியே தள்ளப்படுவதால், அந்த நேரத்தில் வரும் அசை அடிபட்டது போல் ஒலிக்கிறது. தலை பின்னால் சாய்ந்து தொண்டை இழுபடும்போது குரல் மெலிகிறது. இவற்றைக் குறைகளாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. எந்த நிலையில் குரல் எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே அந்த மாற்றம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மேற்கண்ட பகுதியை எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், கடைக்காரரிடம் சாமான் கணக்குச் சொல்வதைப் போலச் சொல்லிப் பாருங்கள். எங்கே இயல்பாக மூச்சு எடுக்கிறீர்களோ, அங்கே தாளில் ஒரு சாய்கோடு போடுங்கள். உணர்ச்சியோடு மனப்பாடம் செய்தால், அந்த ஏற்ற இறக்கம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பின்னர் உடல் எதைச் செய்தாலும் அசையாமல் நிற்கும். ஆகவே இந்தக் கட்டத்தில் குரல் தட்டையாக இருப்பதே நல்லது. அடுத்த நாள் அதையே நடந்துகொண்டு சொல்லுங்கள். பிறகு வேகமாக நடந்து, திரும்பி, உட்கார்ந்து எழுந்து சொல்லுங்கள். சாய்கோடுகள் இடம் மாறும். மாறியவற்றை வேறு நிற மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

அசைவுத் தொடரைத் தனியாக, பேச்சில்லாமல் அமையுங்கள். அதையும் மூச்சைக் கொண்டே கற்றுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் உள்ளே, இந்த இடத்தில் வெளியே. நடனம் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நாம் மனத்துக்குள் எட்டு வரை எண்ணியோ, ‘தை தை’ போன்ற தாள ஒலிகளான சொற்கட்டைச் சொல்லியோ ஆடிப் பழகியவர்கள். எண்ணுவதும் ஒரு வகைப் பேச்சே. வாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மனம் எட்டு எண்ண முடியாது, இரண்டில் ஒன்று தவறிவிடும். எனவே பேச்சு வரும் பகுதியில் எண்ணிக்கையை முற்றிலும் கைவிட்டு, தரையில் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் எடை இருக்கிறது, எங்கே மூச்சு வருகிறது என்னும் மூன்றையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். என் மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் பிடிபட ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆயின. பரதத்தில் நெடுங்காலம் பயின்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆயிற்று.

இரண்டையும் சேர்க்கும்போது பாதி வேகத்தில் சேருங்கள். அசைவு பாதி வேகமாகலாம், பேச்சு ஆகக் கூடாது. இழுத்துப் பேசிப் பழகினால், பின்னர் அந்த இழுவை போகாது. கடினமான ஓர் ஓட்டத்துக்குப் பிறகு உடனே பேச வேண்டியிருந்தால், மூச்சிரைப்பதை மறைக்க முயலாதீர்கள். இரண்டு மூச்சுகள் அவையோருக்குக் கேட்கட்டும், பிறகு பேசுங்கள். அதுவும் முடியாத இடத்தில், துள்ளலில் நடப்பதைப் போல, அந்த வரியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

உறவுகள்

இப்போது கிணறுகளுக்கு வருவோம். முதலில் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: நீர் கோருவது, குடம் சுமப்பது, குனிந்து எட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றும் தடை. இந்தத் தடை போட்டவுடன் பெரும்பாலோர் திகைத்து நிற்பார்கள். அந்தத் திகைப்பில் சிறிது நேரம் இருக்க விடுங்கள்.

பிறகு அந்த வாக்கியங்களின் பொருளை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். நாலு என்று சொல்லி, ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை மறைத்து வைக்கும் அமைப்பு அது. உடலுக்கு இதிலிருந்து ஒரு வேலை கிடைக்கிறது. தரையில் நான்கு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று இடங்களுக்குப் போங்கள். நான்காவது இடத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள், ஆனால் அங்கே போகவிருப்பதைப் போல ஒவ்வொரு முறையும் எடையைச் சாய்த்துவிட்டுத் திரும்புங்கள். பேச்சில் மறைக்கப்பட்ட கிணறு, தரையில் காலியாக நிற்கும் இடமாகத் தெரியத் தொடங்கும். யாரும் கிணற்றை நடித்துக் காட்டவில்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது.

அடுத்து நேரத்தை மாற்றிப் பாருங்கள். முழு அசைவுத் தொடரையும் பேசாமல் ஆடி முடித்துவிட்டு, அசையாமல் நின்று சொற்களைச் சொன்னால், பார்த்தவர் மனத்தில் அந்த அசைவுகள் பின்னோக்கிப் பொருள் கொள்கின்றன. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஆடினால், ஒவ்வோர் அசைவிலும் கிணற்றைத் தேடுகிறார்கள். நான் முன்னதையே விரும்புகிறேன். பார்ப்பவர் தாமாகக் கண்டடைந்த பொருள் அவருக்குள் நெடுநேரம் நிற்கிறது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி அசைவைத் தொடர்வதும், அசைவின் நடுவில் உறைந்து பேச்சைத் தொடர்வதும் இன்னும் கூர்மையானவை. “கேட்டுத்தான்” என்பதோடு பேச்சை நிறுத்தி, உடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்த பிறகு “கோரணும்” என்று முடித்தால், கேட்பதற்கும் கோருவதற்கும் இடையில் எத்தனை தயக்கம் இருந்திருக்கும் என்பதை அந்தச் சுற்று சொல்லிவிடுகிறது.

இந்த வழியில் முன்னே சென்றவர்களில் அமெரிக்கரான திரிஷா பிரவுனை அறிந்திருப்பது பயன் தரும். அவர் 1971இல் ஓர் எளிய முறையில் நடனம் அமைத்தார்: ஒரு சைகை, பிறகு அதனோடு இரண்டாவது, பிறகு அவ்விரண்டோடு மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போவது. 1973இல் அதை ஆடிக்கொண்டே பேசத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இரண்டு நடனங்களையும் இரண்டு கதைகளையும் மாற்றி மாற்றி ஒரே உடலில் நிகழ்த்தினார். அடுக்கு முறை கிணற்றுப் பகுதிக்கும் நன்றாகப் பொருந்துகிறது: ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அசைவு சேரட்டும், சொற்கள் தங்கள் போக்கில் போகட்டும். இதற்கு எதிர்முனையில், மெர்ஸ் கன்னிங்ஹாம் 1965இல் அமைத்த ஒரு நடனத்தில், இசையமைப்பாளர் ஜான் கேஜ் மேடையோரம் அமர்ந்து சிறு கதைகளை வாசித்தார். கதை நீளமானாலும் குட்டையானாலும் ஒரு நிமிடத்துக்குள் அதை அடக்குவது அவர் வைத்துக்கொண்ட முறை. ஆடுபவர்களுக்கும் அந்தக் கதைகளுக்கும் திட்டமிட்ட தொடர்பு எதுவும் இல்லை. தற்செயலாகச் சொல்லும் அசைவும் உரசிக்கொள்ளும் இடங்களை நம் மனமே இணைத்துக்கொள்கிறது. வகுப்பில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒருவர் கிணற்றுப் பகுதியை வாசிக்க, மற்றவர் அதைக் கேட்டறியாத வேறோர் அசைவுத் தொடரை ஆடட்டும். எங்கே பொருள் தானாகப் பற்றிக்கொள்கிறதோ, அந்த இடத்தை மட்டும் குறித்து வைத்து, அதைச் சுற்றி உங்கள் நடனத்தைக் கட்டுங்கள்.

அன்றாட வேலையிலிருந்து அசைவை எடுப்பது இன்னொரு நல்ல வழி. தோவாளையில் பூக்கட்டும் பெண்கள் பேசிக்கொண்டே கட்டுவதைப் பாருங்கள். பேச்சு கோபமாகட்டும், சிரிப்பாகட்டும், விரல்களின் வேகம் குலைவதில்லை. வேலை ஒரு தாளத்திலும் பேச்சு வேறொரு தாளத்திலும் போக, அவ்விரண்டையும் அந்த உடல் சண்டையின்றித் தாங்குகிறது. அந்த விரல் வேலையை நேரில் கற்றுக்கொண்டு, பூவும் நாரும் இல்லாமல் செய்து, பின்னர் அதைத் தோளுக்கும் இடுப்புக்கும் மாற்றி, அதன் மேல் உங்கள் வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள்.

அரங்கு

நம் ஊரில் நடனத்துக்கென்று கட்டிய அரங்கு எளிதில் வாய்க்காது. கிடைப்பது பள்ளி அரங்கோ, திருமண மண்டபமோ, தேவாலயப் பங்கு மண்டபமோதான். இவற்றில் பெரும்பாலானவற்றில் எதிரொலி அதிகம். வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. ஆகவே அந்த இடத்திலேயே ஒரு முறையாவது பேசிப் பார்த்து, வாக்கியங்களுக்கு இடையில் உள்ள நேரத்தைக் கூட்டுங்கள். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். தகரக் கூரையாக இருந்தால் மழை பெரும் இடையூறு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டாதலால், ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் அத்தகைய இடங்களைத் தவிர்ப்பது நல்லது.

கடற்கரைத் திறந்தவெளி மேடையில் ஒரு முறை மைக் இல்லாமல் பேசி ஆட முடிவு செய்தேன். மாலைக் காற்று பக்கவாட்டில் வீசியதால், முன்வரிசையில் இருந்தவர்களுக்கே பாதிச் சொற்கள் எட்டவில்லை. அசைவு மட்டும் பார்த்தவர்கள் எங்கள் நடனம் எதைப் பற்றியது என்று அறியாமலே எழுந்து போனார்கள். அதன் பிறகு திறந்தவெளியில் பேச்சைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் தருவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். பதிவுக் குரலுக்கென்று ஒரு தன்மை உண்டு: ஆடுபவரின் வாய் மூடியிருக்க, அவர் குரல் வேறெங்கிருந்தோ வருவதால், அது நினைவைப் போல ஒலிக்கிறது. நேரடிக் குரலின் மூச்சும் தடுமாற்றமும் அதில் கிடைக்காது. எனவே வசதிக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நினைவு கூரும் குரல் உங்கள் சொற்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காதில் மாட்டும் மைக் வியர்வையாலும் தரையில் உருளும்போதும் தொல்லை தரும். சட்டையில் குத்தும் மைக் துணி உரசும் ஒலியைப் பெரிதாக்கும். தாங்கியில் நிற்கும் ஒரு சாதாரண மைக்கை மேடையின் ஓர் இடத்தில் வைத்து, பேச வேண்டுமானால் அங்கே போக வேண்டும் என்று விதித்துவிட்டால், செலவும் குறைவு, நடனத்துக்கு ஓர் இலக்கும் கிடைக்கிறது. இசையைப் பொறுத்தவரை, பேச்சு உள்ள பகுதியில் பாடல் வரிகள் உள்ள எதையும் சேர்க்க வேண்டாம் என்பதைத் தவிரச் சொல்ல அதிகமில்லை.

முழுவதும் ஆன பிறகு, நடனம் அறியாத ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்களை மகிழ்விக்கும் விடையே வரும். எந்தச் சொல் காதில் நின்றது, அந்தச் சொல் கேட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். சொல் நினைவிருந்து இடம் நினைவில்லையென்றால் அந்தப் பகுதியில் அசைவு தளர்ந்திருக்கிறது. இடம் நினைவிருந்து சொல் நினைவில்லையென்றால் அங்கே பேச்சைக் குறைக்கலாம், அல்லது உடலை நிறுத்தலாம். கிணற்றுப் பகுதியை நாங்கள் காட்டியபோது, வந்திருந்த ஒரு பாட்டி என் மாணவியிடம், “மக்கா, அந்த மூலைக்கு நீ ஏன் போகல்ல?” என்று கேட்டார். அன்று இரவே கடைசி வாக்கியத்தின் பின்பாதியை நீக்கிவிட்டோம். இப்போது அவள் “நாலாவது கிணறு” என்று மட்டும் சொல்லி, அந்த மூலையைப் பார்த்து நிற்கிறாள்.